தொடுதிரை மானிட்டரை எங்கே வைப்பது?

டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்குத் தொடுதிரை மானிட்டர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: தாராளமாக வாங்குங்கள், ஆனால் நிமிர்த்தி வைக்காதீர்கள். ஆசையாக வாங்கி, கொஞ்ச நாள் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் அது தொடுதிரை என்பதையே மறந்துபோய் சாதாரண மானிட்டராக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் கேட்டால் டெஸ்க்டாப்புக்கு டச் சரிப்படாது என்பார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு கிடையாது. கையிருக்கும் இடத்தில் திரையைக் கொண்டுவந்து வைத்தால் டெஸ்க்டாப்பில் டச் அருமையாகவே இருக்கிறது, நான் தினமும் அப்படித்தான் வேலை செய்கிறேன்.

பொதுவாக மானிட்டரை எப்படி வைக்கச் சொல்வார்கள்? கையை நீட்டினால் விரல் நுனி படுகிற தூரத்தில், மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி. கண்ணுக்கும் கழுத்துக்கும் அது நல்லதுதான், ஆனால் கைக்கு நேர் எதிர். அவ்வளவு தள்ளி நிற்கிற திரையைத் தொட வேண்டுமென்றால் முழங்கையை மேசையிலிருந்து எடுத்து, தோளிலிருந்து கையை நீட்டி, பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் நிறுத்த வேண்டும். ஒன்றிரண்டு தட்டுக்கு ஒன்றும் தெரியாது. நீளமான ஒரு கட்டுரையைத் தள்ளித் தள்ளிப் படித்து முடிப்பதற்குள் தோள்பட்டை கடுக்க ஆரம்பித்துவிடும். இதற்குக் கொரில்லா கை என்று பெயரே வைத்துவிட்டார்கள், அவ்வளவு பழைய பிரச்சினை. 1983-இல் எச்பி நிறுவனம் எச்பி-150 என்று ஒரு மேசைக் கணினியை விற்றது. 9 அங்குல சிஆர்டி திரை (பழைய குழாய் டிவி மாதிரி), அதைச் சுற்றியிருக்கும் சட்டம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். அந்த ஓட்டைகள் வழியாக அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும், விரல் எந்த இடத்தில் கதிர்களை மறிக்கிறதோ அந்த இடத்தைத் தொட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். ஓட்டைகளில் தூசி அடைத்துக்கொண்டால் தொடுவது குழம்பிவிடும் என்பது தனிக்கதை. திரை செங்குத்தாக நின்றதால் கை வலி என்ற குறை அப்போதும் இருந்தது.

2010-இல் ஆப்பிள் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸும் இதையேதான் சொன்னார், தாங்கள் சோதித்துப் பார்த்ததாகவும், செங்குத்தாக நிற்கும் திரையைத் தொட்டு வேலை செய்தால் கொஞ்ச நேரத்தில் கை ஓய்ந்துவிடுவதாகவும். செங்குத்தான திரையைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் டெஸ்க்டாப்போடு சேர்கிற திரை செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் செய்தது இதற்கு அடுத்த குழப்பம். தொடுதிரை இல்லாதவர்களுக்கும் சேர்த்துப் பெரிய பெரிய கட்டங்களை முழுத்திரையில் விரித்துவிட்டு, ஸ்டார்ட் பொத்தானையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் 8.1-இல் பொத்தான் திரும்பி வந்தது, ஆனால் டெஸ்க்டாப் டச் என்றாலே ஒரு கெட்ட பெயர் அதற்குள் ஒட்டிக்கொண்டது.

சரி, என் மேசைக்கு வருகிறேன். இரண்டு திரைகள். பெரியது தொடுதிரை அல்ல, அது வழக்கம்போல் கண் மட்டத்தில், கை எட்டும் தூரத்தில். தொடுதிரை அதற்குக் கீழே, கீபோர்டுக்குப் பின்னால், மேசையிலிருந்து ஏறக்குறைய 25 டிகிரி மட்டும் எழும்பி, பழைய காலக் கணக்கர்களின் சாய்வு மேசை மாதிரி கிடக்கிறது. இப்படி வைத்தால் முழங்கையும் முன்கையும் மேசையிலேயே ஊன்றியிருக்கும், மணிக்கட்டும் விரலும் மட்டும் அசைந்தால் போதும். கீபோர்டிலிருந்து திரைக்குக் கை போய்வரும் தூரம், மவுஸுக்குப் போய்வரும் தூரத்தைவிடக் குறைவு. பார்ப்பது மேலே, தொடுவது கீழே. தொடுதிரையை ஒரே திரையாக வைத்துக்கொண்டு அதிலேயே பார்க்கவும் தொடவும் பார்த்தால் கழுத்து கெடும் அல்லது தோள் கெடும், இரண்டில் ஒன்று நிச்சயம். இடம் இல்லை, ஒரு திரைதான் வைக்க முடியும் என்கிறவர்கள், இரட்டைக் கீல் வைத்த ஸ்டாண்டுள்ள மானிட்டராகப் பாருங்கள். தேவைப்படும்போது முன்னால் இழுத்துத் தாழ்த்திக்கொள்ளலாம், மற்ற நேரம் நிமிர்த்திக்கொள்ளலாம்.

ஸ்டாண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் இதைச் சோதிப்பதில்லை. சாதாரண மானிட்டரின் ஸ்டாண்டு பார்ப்பதற்காகச் செய்தது, குத்துவதற்காகச் செய்தது அல்ல. திரையின் மேல் மூலையில் ஒரு விரலால் தட்டிப் பாருங்கள். திரை பின்னால் போய் முன்னால் வந்து நான்கு தடவை ஆடினால், நீங்கள் வேலை செய்யும்போது ஒவ்வொரு தட்டுக்கும் எழுத்துகள் அப்படியே ஆடும். கேஸ் ஸ்பிரிங் (வாயு அடைத்த ஸ்பிரிங்) வைத்த மானிட்டர் ஆர்ம் இன்னும் மோசம், அழுத்தினால் அமுங்கி எழும்பும். பின்புறம் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால், அதாவது வெசா துளைகள், கனமான மடக்கு ஸ்டாண்டு ஒன்றைத் தனியாக மாட்டிக்கொள்ளலாம். திரையின் கீழ் விளிம்பு நேரடியாக மேசையில் ஊன்றியிருக்கிற மாதிரி வைப்பதுதான் எல்லாவற்றிலும் உறுதி. பேனல், அதாவது படம் தெரிகிற பலகை, ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். படுக்க வைத்த திரையை நாம் நேராகப் பார்ப்பதில்லை, ஒரு கோணத்தில்தான் பார்க்கிறோம், டிஎன் என்ற இன்னொரு வகைப் பேனலாக இருந்தால் கோணம் மாறும்போது நிறம் வெளிறிவிடும். அப்புறம் கூரை விளக்கு. திரை படுத்திருந்தால் தலைக்கு மேலே இருக்கும் டியூப்லைட் அப்படியே கண்ணாடியில் தெரியும். சாய்வைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும், போகாவிட்டால் மங்கல் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

இணைப்பில் பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும்தான் மானிட்டருக்குக் கொண்டுபோகும், நீங்கள் தொட்டதைத் திரும்பக் கணினிக்குக் கொண்டுவராது. அதற்குத் தனியாக ஒரு யூஎஸ்பி கேபிள் வேண்டும். கணினியைப் பொறுத்தவரை தொடுதிரை என்பது மவுஸ், கீபோர்டு மாதிரி இன்னொரு உள்ளீட்டுக் கருவி, அது மானிட்டரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். படம் வருகிறது, டச் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அந்த யூஎஸ்பி கேபிளைப் பாருங்கள். ஒற்றை யூஎஸ்பி-சி கேபிளில் எல்லாம் போகும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது லேப்டாப்பில் சுலபமாக நடக்கும், டெஸ்க்டாப்பில் அவ்வளவு சுலபம் இல்லை. மதர்போர்டில் இருக்கும் யூஎஸ்பி-சி போர்ட்டில் பல சமயம் தரவு மட்டும்தான் வரும், படம் வராது. படம் வருகிற போர்ட்டாக இருந்தாலும் அது பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலிருந்து வரும், தனியாக வாங்கிப் போட்ட கிராபிக்ஸ் கார்டிலிருந்து அல்ல. ஆகையால் டெஸ்க்டாப் என்றால் இரண்டு கேபிள் என்றே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

15.6 அங்குல போர்ட்டபிள் டச் மானிட்டர்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன, கீழே படுக்க வைக்க அருமையான அளவு. அவற்றில் மின்சாரம்தான் சிக்கல். சாதாரண யூஎஸ்பி 3 போர்ட்டின் அதிகாரபூர்வ அளவு 5 வோல்ட்டில் 0.9 ஆம்பியர், அதாவது 4.5 வாட். திரை முழு வெளிச்சத்தில் எரிய அது போதாமல் போனால் திரை மங்கும், அல்லது அணைந்து அணைந்து எரியும், கூடவே டச்சும் விட்டுவிட்டு வேலை செய்யும். பார்க்கிறவர்களுக்கு மானிட்டர் பழுது என்றே தோன்றும். பெரும்பாலான மாடல்களில் இரண்டு யூஎஸ்பி-சி துளைகள் இருக்கும், ஒன்றில் தனி அடாப்டரைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கணினிக்குக் கொடுத்தால் தீர்ந்தது.

இரண்டு திரை வைத்த உடனே எல்லோருக்கும் வருகிற அடுத்த திகைப்பு இது: கீழே தொடுதிரையில் ஒரு பொத்தானைத் தொடுகிறீர்கள், மேலே இருக்கும் திரையில் ஏதோ திறக்கிறது. எந்தத் திரையில் விரல் பட்டது என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை, அதனால் முதன்மைத் திரை என்று எடுத்துக்கொள்கிறது. மாற்றுவது சுலபம், ஆனால் அது புதிய செட்டிங்ஸ் பக்கத்தில் இல்லை, பழைய கன்ட்ரோல் பேனலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ் என்ற பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. அதில் செட்டப் என்ற பொத்தானை அழுத்தி, பேனாவா தொடுதலா என்று கேட்டால் தொடுதலைச் சொல்லுங்கள். உடனே ஒரு திரை முழுக்க வெள்ளையாகி, இதுதான் தொடுதிரை என்றால் தொடு என்கிற மாதிரி ஒரு வரி வரும். அந்த வரி தொடுதிரை அல்லாத மானிட்டரில் வந்திருந்தால் எதையும் தொட வேண்டாம், கீபோர்டில் என்டர் அழுத்துங்கள், வரி அடுத்த திரைக்குத் தாவும். தொடுதிரைக்கு வந்ததும் விரலால் ஒரு தட்டு. முடிந்தது. அப்படியே டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போய், தொடுதிரையின் கட்டத்தைப் பெரிய திரையின் கட்டத்துக்குக் கீழே இழுத்து வைத்துவிடுங்கள். மேசையில் எப்படி இருக்கிறதோ அப்படியே கணினிக்குள்ளும் இருந்தால் மவுஸை இறக்கும்போது தானாகக் கீழ்த்திரைக்கு வரும். யூஎஸ்பி கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் சில சமயம் இந்தப் பொருத்தம் மறந்துபோகும், அதே துளையிலேயே விட்டுவிடுவது நல்லது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் டச் செத்துப்போகிறது என்றால் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை (சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியைத் தூங்கவைக்கும் அமைப்பு) அணைத்துப் பாருங்கள்.

லினக்ஸில் எக்ஸ்11 (திரையில் விண்டோக்களைக் காட்டுகிற பழைய அமைப்பு) ஓடுகிறது என்றால் வேறு மாதிரிக் குழப்பம் வரும், தொடுதிரையின் பரப்பு இரண்டு மானிட்டரின் மேலும் சேர்த்து விரிந்துவிடும், இங்கே தொட்டால் எங்கேயோ படும். எக்ஸ்இன்புட் கட்டளையில் மேப்-டு-அவுட்புட் கொடுத்துக் கட்டிப்போட வேண்டும், கணினி தொடங்கும்போதெல்லாம் அது தானாக ஓடுகிற மாதிரியும் வைக்க வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு வெளியார் டிரைவரை வாங்கிப் போட்டால்தான் தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யும்.

அடுத்தது அளவு, இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்களுக்குக் கூகுள் சொல்லும் அளவு 48 டிபி (திரை எதுவானாலும் ஏறத்தாழ ஒரே பருமனில் வருகிற அலகு), அதாவது தொட வேண்டிய எதுவும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். விரல் நுனியின் பருமனே அதற்குக் காரணம். 24 அங்குல முழு எச்டி திரையில் ஒரு பிக்சல் சுமார் 0.28 மில்லிமீட்டர். விண்டோவை மூடுகிற பெருக்கல் குறிப் பொத்தான் 32 பிக்சல் உயரம் என்றால் 9 மில்லிமீட்டர் கிடைக்கிறது, விரல் தவறாமல் படும். அதே 32 பிக்சல் 15.6 அங்குல முழு எச்டி திரையில் 6 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. மூடப் போய்ச் சுருக்கிவிடுவது அதனால்தான். ஸ்கேலிங்கை, அதாவது எழுத்தையும் பொத்தானையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பை, 150 சதவீதம் வைத்தால் திரும்பவும் 9-க்குப் பக்கத்தில் வந்துவிடும். விண்டோஸில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஸ்கேலிங் வைக்கலாம் என்பதால் மேல்திரை பாட்டுக்கு 100 சதவீதத்தில் இருக்கட்டும். வேர்டு, எக்செல் இரண்டிலும் டச் மோடு என்று ஒன்று உண்டு, போட்டால் பொத்தான்களுக்கு நடுவே இடைவெளி கூடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் டிக் பெட்டி காட்டச் சொல்லிவிட்டால், பல கோப்புகளை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கக் கன்ட்ரோல் விசையைத் தேட வேண்டியதில்லை.

இத்தனையும் செய்து என்ன கிடைக்கிறது? எனக்கு முதலிடம் படிப்பதற்குத்தான். நீளமான பிடிஎஃப் ஒன்றைக் கீழ்த்திரையில் திறந்து வைத்துக்கொண்டு, மேலே எழுதுவேன். இடது கைக் கட்டைவிரலால் பக்கத்தை மெதுவாகத் தள்ளலாம், வேகமாகச் சுண்டினால் பத்துப் பக்கம் ஓடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே விரலை வைத்தால் அங்கேயே நிற்கும். ஒரு வரைபடம் வந்தால் இரண்டு விரலால் விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுருக்கலாம். மவுஸின் உருளையில் இந்த நிதானமும் வராது, இந்த வேகமும் வராது. வலது கை கீபோர்டை விட்டு நகரவே இல்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

இரண்டாவது, ஒரே நேரத்தில் பல இடத்தைத் தொடுகிற வேலைகள். மவுஸுக்கு ஒரு முனைதான் உண்டு. ஒலிக்கலவை செய்கிறவர்கள் குரலை ஏற்றிக்கொண்டே பின்னணியை இறக்க வேண்டுமென்றால் இரண்டு ஃபேடரையும் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகள்) ஒன்றாக நகர்த்த வேண்டும், அதை மவுஸால் செய்யவே முடியாது. பிட்விக் ஸ்டுடியோ மாதிரி பலதொடு வசதி உள்ள இசை மென்பொருளில் இரண்டு விரலை வைத்து ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே என்று காதால் கேட்டுக்கொண்டே இழுக்கலாம். எல்லா ஒலி மென்பொருளும் இதற்கு ஒத்துழைப்பதில்லை, உங்களுடையது ஒத்துழைக்குமா என்று மானிட்டர் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். 1970-களில் ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் ஃபிராங்க் பெக், பென்ட் ஸ்டம்ப் இருவரும் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்குத் தொடுதிரை செய்தபோது, கூடவே கணினியோடு இணைந்த ஒரு திருகு குமிழையும் செய்தார்கள். தொடுதிரை எல்லா வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்பது அப்போதே தெரிந்திருந்தது, எனக்கு அந்த அணுகுமுறை ரொம்பப் பிடிக்கும்.

வயதானவர்கள் பயன்படுத்துகிற கணினிக்கும் இது பெரிய உதவி. டபுள் கிளிக் செய்யும்போது இரண்டாவது சொடுக்குக்குள் கை நழுவி, கோப்பு திறக்காமல் இடம் மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தொடுதிரையைக் கொடுத்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஒரே சொடுக்கில் திறக்கும்படி மாற்றிக் கொடுத்தால் பழக்கமான ஃபோனைப் போலவே தொட்டுத் திறப்பார்கள். மணிக்கட்டு வலியால் மவுஸைப் பிடிக்க முடியாதவர்களுக்கும் அப்படியே.

எதற்கு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எக்செல்லில் கட்டங்களின் ஓரத்தைப் பிடித்து இழுப்பது, படத்தில் ஒரு பிக்சலைத் தேடிப் பிடிப்பது, எழுத்துகளுக்கு நடுவே கர்சரை வைப்பது, இதெல்லாம் விரலுக்கு வராத வேலை, குறிவைக்கிற இடத்தையே விரல் மறைத்துவிடும். மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் விரிகிற மெனுக்களும் தொல்லைதான், விரலுக்கு மேலே நிற்பது என்ற நிலையே கிடையாது. படம் வரைய நினைப்பவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்: தொடுதிரை என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குப் பேனாவின் அழுத்தம் தெரியாது, ரப்பர் முனை வைத்த ஸ்டைலஸையும் அது ஒரு விரலாகத்தான் பார்க்கும், உள்ளங்கை பட்டால் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும். ஆக்டிவ் பேனா (உள்ளே மின்னணு வைத்த பேனா) வேலை செய்யும் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வரைவதற்கு வாங்குங்கள். முழுத்திரையில் கேம் விளையாடிக்கொண்டே கீழே தொட்டால் பல கேம்கள் சட்டென்று சுருங்கிவிடும், பார்டர்லெஸ் விண்டோ (ஓரம் இல்லாமல் திரையை நிறைக்கிற விண்டோ) என்ற அமைப்பில் ஓட்டினால் சுருங்காது. பழைய மானிட்டரை மலிவாக வாங்குவதாக இருந்தால் அது ரெசிஸ்டிவ் வகையா (அழுத்தத்தை உணர்வது) கெபாசிடிவ் வகையா (ஃபோனைப் போல விரலின் மின்தன்மையை உணர்வது) என்று கேளுங்கள். ரெசிஸ்டிவ் திரையில் கையுறை போட்டும் தொடலாம், குச்சியாலும் தொடலாம், ஆனால் அழுத்தித் தொட வேண்டும், பெரும்பாலும் ஒரு விரல்தான் எடுபடும், இரண்டு விரலால் விரிப்பது நடக்காது. வீட்டு வேலைக்குப் பத்து விரலையும் அறிகிற கெபாசிடிவ் திரைதான் சரி.

கைரேகை படியத்தான் செய்யும், படுத்திருக்கிற திரையில் தூசியும் சேரும். மைக்ரோஃபைபர் துணியில் லேசாகத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போதும், திரையின் மேலேயே ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் மேல்பூச்சைக் கெடுத்துவிடும். ஈரத்துளி நின்றாலும் கெபாசிடிவ் திரை அதைத் தொடுதல் என்று நினைத்து எதையாவது திறந்து வைக்கும். அதனால் துடைக்கும் முன் மானிட்டரின் யூஎஸ்பி கேபிளைக் கணினியிலிருந்து உருவிவிடுங்கள், தனி அடாப்டரில் ஓடுகிற திரையாக இருந்தால் படம் அப்படியே இருக்கும், தொடுதல் மட்டும் நின்றுவிடும். சின்னக் குழந்தைகள் மேசைக்கு வரும் நேரத்திலும் நான் இதைத்தான் செய்கிறேன்.